இரண்டாம் விருப்பு

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் எங்கள் ஆட்கள் இருந்த எந்த வீட்டிலும் அவர் ஒரு வாய் தேநீர் குடித்ததை நான் கண்டதில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கையில் எண்பத்துமூன்றுக் கலவரம் நடந்த பிறகு வந்து சேர்ந்தவர்கள், அதற்கு முன்பே படிப்பாலும் உத்தியோகத்தாலும் வந்து காலூன்றியவர்கள் எல்லோரையும் கூட்டினாலும் ஒரு சின்ன மண்டபம் போதும். அதனால் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகாத சனி ஞாயிறு கிடையாது. போனால் முதலில் தேத்தண்ணி, பிறகு வடை, பிறகு இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்ற பிடிவாதம். இவரும் வருவார். கதிரையின் நுனியில் இருப்பார். வீட்டுக்காரி தட்டோடு வந்து நிற்கும்போது தோள்பையைத் திறந்து தன் பிளாஸ்க்கை எடுப்பார். அதன் மூடியில் தன் தேநீரைத் தானே ஊற்றிக் குடித்து, கைக்குட்டையால் துடைத்துத் திரும்பவும் பைக்குள் வைப்பார். முகத்தில் ஒரு கூச்சமும் இருக்காது.

பெயர் எதற்கு? அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு பிளாஸ்க் என்று சொன்னாலே ஆளைத் தெரிந்துவிடும். ஹில்ஸ்பரோவில் ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தார். காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் கணக்குப் பார்க்கும் வேலை. கல்யாணம் செய்தவரா, செய்துவிட்டுப் பிரிந்தவரா என்று ஒருவருக்கும் தெரியாது. எந்த ஊர் என்று கேட்டால் "யாழ்ப்பாணப் பக்கம்" என்பார். பக்கம் என்றால் எந்தப் பக்கம்? அதைக்கூடச் சொல்லாத ஆளை எங்கள் சனம் எப்படி நம்பும்? நானும் நம்பவில்லை.

எனக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய் வாய் நனைக்காமல் திரும்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். என் அப்பா போன தேநீர்க் கடையில் மற்றவர்களுக்குக் கிளாஸ், அப்பாவுக்குத் தேங்காய்ச் சிரட்டை. அலுவலாக எங்கள் வளவுக்கு வருகிறவர்கள் முற்றத்தில் நின்றே கதைத்துவிட்டு, தாகமில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு வந்தவனுக்கும் எங்கள் கிணற்றடியில் தாகம் எடுக்காது. அதையெல்லாம் கடல் தாண்டி விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்த என் லின்ஃபீல்ட் வாடகை வீட்டில், நான் இஞ்சி தட்டிப் போட்ட தேநீருக்கு முன்னால், இவர் பிளாஸ்க்கை எடுத்தார். அதைப் பிடுங்கி வெளியே எறிய வேண்டும்போல இருந்தது எனக்கு.

அதிலே இன்னும் எரிச்சல் என்னவென்றால், வாயைத் திறந்தால் மனிதர் சமத்துவம்தான் கதைப்பார். ஆளுக்கொரு வாக்கு, வாக்குக்கொரு பெறுமதி. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் தேர்தல். இந்த நாட்டிலும் அப்போது இரண்டு பெரிய கட்சிகள்தான் மாறி மாறி ஆண்டுகொண்டிருந்தன. மூன்றாவது ஒரு கட்சிக்கு நாடு முழுக்க ஊர்ப்பட்ட வாக்கு விழுந்தும் பாராளுமன்றத்தில் ஒரு வாங்கு நிறைய இருக்கக்கூட அவர்களுக்கு ஆளில்லை என்று அவர் வயிறெரிவார். வாக்கு முறையை மாற்றலாமா என்று அரசாங்கம் ஆணைக்குழு போட்டு விசாரித்த காலம் அது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்த விசாரணையைக் கேட்கப் போனவர் எங்கள் ஆட்களில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். ஊரில் ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்பு, மூன்றாம் விருப்பு என்று போட இடமிருந்தும் சனம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டதே என்று அதற்கும் கவலைப்படுவார். செத்த வீட்டில் இருந்தும் இதைத்தான் கதைப்பார்.

ஒருமுறை கடற்கரைக்கு எல்லோருமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு போன இடத்தில், பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டார்கள். டெய்ரி என்று இங்கே சொல்லும் பக்கத்து மூலைக்கடையில் அன்றைக்கு ஒரு பெரிய பெட்டியாக வாங்கினால் மலிவு. எந்த ருசி என்று சண்டை. பாதிப் பேருக்குச் சொக்லேட், மற்றப் பாதிக்கு ஸ்ட்ரோபெரி, ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் வனிலா. இவர் எழும்பி, ஒவ்வொரு பிள்ளையும் மூன்று ருசியை வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும், முதலாவதுக்கு இரண்டு புள்ளி, இரண்டாவதுக்கு ஒன்று, கடைசிக்கு ஒன்றுமில்லை என்றார். மணலில் விரலால் கூட்டிப் பார்த்தார். கடைசியில் வென்றது வனிலா. அதைக் கேட்டு அழுத பிள்ளைகளும் உண்டு. இவர் வெகு திருப்தியோடு, ஒருவரும் தோற்கவில்லை என்று பெற்றோருக்கு விளக்கிக்கொண்டு நின்றார். இந்த மனிதனை நம்பிப் பிள்ளைகளைக்கூட விடக்கூடாது என்று என் கணவர் சொன்னார். அவர் பகிடியாகச் சொன்னார், நான் உண்மையாகவே எடுத்துக்கொண்டேன்.

இனி எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கத்தில் இரண்டு பக்கம் இருந்தது. ஒன்று டொக்டர் பக்கம், மற்றது எஞ்சினியர் பக்கம். இரண்டு பேரும் ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒரே கிரிக்கெட் அணியில் விளையாடியவர்கள். யார் கப்டன் என்பதில் தொடங்கிய வழக்கு சமுத்திரம் தாண்டி இங்கேயும் வந்திருந்தது. கொள்கை வேறுபாடு என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. பொதுக்கூட்டத்தில் சபையோர் கைதூக்கிச் செயற்குழுவைத் தெரிவுசெய்வார்கள். அந்தச் செயற்குழு பிறகு ஒரு நாள் டொக்டர் வீட்டிலோ எஞ்சினியர் வீட்டிலோ கூடி, நண்டுக் கறியோடு சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத் தலைவரைத் தெரிவுசெய்யும். யார் வீட்டில் சமைத்தார்களோ அவர்தான் தலைவர். சனத்துக்கும் தலைவருக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை கிடக்கிறது என்று இவர் சொல்லித் திரிந்தார். அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஆனால் அவர் வாயால் வந்தபடியால் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அந்தத் தலைவர் பதவிக்கு இவ்வளவு அடிபாடு ஏன் என்று கேட்கலாம். காரணம், கடிதம். ஊரிலிருந்து ஒருவரை எடுப்பிக்க விண்ணப்பிக்கும்போது, வருகிறவரைச் சமூகம் தாங்கிக்கொள்ளும் என்று சங்கம் ஒரு ஆதரவுக் கடிதம் கொடுத்தால் அதற்கு ஒரு பாரம் இருந்தது. கையெழுத்து வைப்பது தலைவர். டொக்டர் தலைவராக இருக்கும்போது டொக்டர் பக்கத்து மருமக்கள் வந்து இறங்கினார்கள், எஞ்சினியர் இருக்கும்போது அந்தப் பக்கத்து மச்சான்மார். நாங்கள் இரண்டு பக்கமும் இல்லை. என் தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளிந்ததுபோலக் கிடந்தான். ஊருக்குத் திரும்ப வழியில்லை. தெருவில் இறங்கினால் பொலிஸ்காரர் அடையாள அட்டை கேட்டுப் பிடித்துக்கொண்டு போவார்கள். அவன் இருந்த அறைக்குப் பக்கத்து அறைப் பையனைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரவில்லை. என் கணவர் டொக்டரிடம் போனார், பிறகு எஞ்சினியரிடம் போனார். இரண்டு பேரும் அன்பாக இருத்தி வைத்துக் கதைத்து, "பாப்பம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பாப்பத்தில் ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது.

அப்படியிருக்கும்போதுதான் இவர் பொதுக்கூட்டத்தில் தன் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தலைவரைச் செயற்குழு தெரிவுசெய்யக் கூடாது, சபையே நேரடியாகத் தெரிவுசெய்ய வேண்டும். மூன்று பேராவது போட்டியிட வேண்டும். ஒவ்வொருவரும் மூன்று பெயரையும் விருப்பப்படி வரிசையாக எழுதி, ஒருவருக்கும் காட்டாமல் பெட்டியில் போட வேண்டும். டொக்டர் பக்கம் தாங்கள்தான் வெல்வோம் என்று நினைத்துச் சம்மதித்தது. எஞ்சினியர் பக்கமும் அதையே நினைத்துச் சம்மதித்தது. மூன்றாவது ஆள்தான் கிடைக்கவில்லை. அப்போது இவர் எழும்பி என் பெயரைச் சொன்னார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதியோர் இல்லத்தில் சமையலறை வேலை செய்கிற, கூட்டத்தில் வாயே திறக்காத என் பெயரை. மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழும்பி அடங்கியது. டொக்டரின் மனைவி என் பக்கம் திரும்பி, "நீரும் நில்லுமன், வடிவாயிருக்கும்" என்றார். அவர் என்னை நீர் என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை நீங்கள் என்பேன். என் கணவர் கையைப் பிடித்து இழுத்தார். எனக்குக் கோபம் காதுவரைக்கும் ஏறியிருந்தது. என் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர் என் பெயரை ஏன் எடுக்கிறார்? தனக்குத் தலையாட்ட ஒரு பொம்மை தேவைப்பட்டிருக்கிறது, அதற்கு ஆதரவில்லாத ஒருத்தியைத் தேடியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் விலகவில்லை. தம்பியை நினைத்தேன். இருந்துவிட்டேன்.

பிறகு நடந்தது எங்கள் ஆட்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை. டொக்டர் தன் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, என்னை முதலாவதாகப் போடுங்கோ, எஞ்சினியரைக் கடைசியில் தள்ளுங்கோ, நடுவில் அந்தப் பொம்பிளையை விடுங்கோ என்றார். எஞ்சினியரும் தன் பக்கத்துக்கு அப்படியே சொன்னார். எதிரிக்கு ஒரு புள்ளிகூடப் போய்விடக் கூடாது என்ற வன்மத்தில், கணக்கில் எடுக்கத் தேவையில்லாத ஒருத்திக்கு இரண்டு பக்கமும் அள்ளிக் கொடுத்தன. பக்கமில்லாத சில குடும்பங்கள் என்னை முதலாவதாகவே போட்டிருந்தன. இவர் கரும்பலகையில் புள்ளிகளைக் கூட்டி முடித்தபோது என் பெயருக்கு நேரேதான் பெரிய எண் நின்றது. நான் தலைவி. வனிலாவுக்குக் கிடைத்த வெற்றிதான் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

புதுத் தலைவர் வீட்டில் செயற்குழுவுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். நானும் போட்டேன். நண்டு, இறால், கத்தரிக்காய்ப் பால்கறி, புட்டு என்று வேலையால் வந்த கையோடு தொடங்கி மறுநாள் மத்தியானம் வரைக்கும் சமைத்தேன். இரண்டு பக்கத்து ஆட்களும் வந்தார்கள், நன்றாகச் சிரித்தார்கள், வீடு வடிவாயிருக்கிறது என்றார்கள். சாப்பிடக் கூப்பிட்டபோது டொக்டர் வயிற்றைத் தடவி, இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். எஞ்சினியருக்கு அன்றைக்கு விரதம். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. மரியாதைக்காகத் தட்டை எடுத்தவர்களும் ஒரு கரண்டி புட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிவிட்டு எழும்பினார்கள். ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துக் கதைக்காத இரண்டு பக்கமும் என் மேசையில் ஒற்றுமைப்பட்டதைப் பார்த்தேன். செயற்குழுவில் ஒருவர் என்பதால் இவரும் வந்து மூலையில் பிளாஸ்க்கோடு இருந்தார். அவரும் சாப்பிடவில்லை. அந்தக் கறியை நானும் கணவரும் கிழமை முழுக்கச் சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிறு காலையில் இவர் வந்து கதவைத் தட்டினார். நான் தம்பியின் கடிதத்தை எழுதி முடித்து, கையெழுத்து வைக்கப் பேனையைத் தேடிக்கொண்டிருந்த நேரம். உள்ளே வந்து, கதிரை நுனியில் இருந்து, எந்தப் பீடிகையும் இல்லாமல், "தங்கச்சி, அதில நீங்கள் கையெழுத்து வைக்கக் கூடாது" என்றார்.

மற்றத் தலைவர்கள் தங்கள் ஆட்களுக்கு வைத்தார்களே என்று கேட்டேன். அதுதானே பிழை என்று நாங்கள் சொன்னோம் என்றார். நாங்கள் அல்ல, நீங்கள்தான் சொன்னீர்கள் என்றேன். சொந்தத் தம்பிக்குத் தலைவி கையெழுத்து வைத்தால், ஒரே குடும்பம் என்று பார்க்கிறவனுக்குத் தெரியும், கடிதத்துக்குப் பாரம் இராது, நாளைக்கு வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது, ஆகவே சபையைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்றார். என் தம்பியின் உயிரை அந்தச் சபையிடம் ஏலம் போடச் சொல்கிறார். என்னைத் தலைவியாக்கி உச்சியில் ஏற்றி வைத்துவிட்டு இப்போது ஏணியை எடுக்கிறார் என்று தோன்றியது. அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"அண்டைக்கு அவையளோட சேந்து நீங்களும்தானே என்ர வீட்டில கை நனைக்கேல்லை. நீங்களோ எனக்கு நியாயம் சொல்லுறது?"

அவர், தான் இங்கே வந்த புதிதில் டொக்டர் வீட்டில் நண்டுக் கறி சாப்பிட்டதாகச் சொன்னார். நல்ல கறி. சாப்பிட்டுவிட்டு, பிழை என்று தெரிந்த ஒரு விஷயத்துக்கு டொக்டருக்காகக் கை தூக்கினாராம்.

"எனக்குத் திண்ட வீட்டுக்கு எதிராக் கை தூக்க ஏலாது. அது என்ர பலவீனம். அதுதான் ஒருத்தற்ற வீட்டிலயும் தின்னுறேல்லை. நீங்கள் நினைக்கிறது வேற."

நான் நினைக்கிறது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் போனதும் டொக்டரின் மனைவிக்குப் போன் எடுத்து, கதையோடு கதையாக விசாரித்தேன். ஓம், ஒருக்கால் சாப்பிட்டவர், பிறகு தண்ணீர்கூடத் தொட்டதில்லை, பெரிய பிகு என்றார். இவர் சொன்னது சரிதான் போல. ஆனால் கெட்டிக்காரன் ஒருவன் முன்கூட்டியே யோசித்து வைக்கக்கூடிய பதிலும் அதுதான். எதை நம்புவது என்று தெரியாமல், கையெழுத்து வைக்காமலே கடிதத்தை மடித்து வைத்தேன். கணவர் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. சபை கூடும்வரைக்கும் போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன், கொழும்பிலிருந்தோ என்று.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பியிருந்தது. இரண்டு பக்கமும் ஒருவர் மிச்சமில்லாமல் வந்திருந்தார்கள். அந்த ஆவலே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. நான் எழும்பித் தம்பியைப் பற்றிச் சொன்னேன். லொட்ஜ், பக்கத்து அறைப் பையன், ஊரிலிருந்து அம்மா எழுதிய கடிதம் எல்லாம் சொன்னேன். குரல் உடைந்துவிடக் கூடாது என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லி முடித்துவிட்டு, பெட்டியை வைப்பார் என்று அவர் பக்கம் பார்த்தேன். அவர் வெறுங்கையோடு எழும்பினார்.

"இண்டைக்குப் பெட்டி இல்லை. சம்மதம் எண்டிறவை கையைத் தூக்குங்கோ. சம்மதமில்லாதவை எழும்பி நிண்டு காரணத்தைச் சொல்லுங்கோ."

டொக்டர் உடனே ஆட்சேபித்தார். இரகசிய வாக்கு, இரகசிய வாக்கு என்று இத்தனை நாள் எங்கள் உயிரை எடுத்தீர்களே, அது எங்கே போனது என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். தலைவர் தெரிவுக்குத்தான் பெட்டி என்று எழுதியிருக்கிறது, இதற்கு அப்படி எழுதவில்லை என்று இவர் சொன்னார். அவர் பொய்யாகச் சமாளிப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். காதுகள் சிவந்திருந்தன.

எஞ்சினியர் டொக்டரைப் பார்த்தார். டொக்டர் எஞ்சினியரைப் பார்த்தார். ஒரு பொடியனின் உயிர் வேண்டாம் என்று என் முகத்துக்கு நேரே எழும்பி நின்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. அதைவிட, மற்றவர் முந்திக் கை தூக்கி நல்ல பெயர் எடுத்துவிடுவாரோ என்ற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது. எஞ்சினியரின் கை அசைந்தது. டொக்டரின் கை அதற்கு முதல் உயர்ந்துவிட்டது. பிறகு மண்டபம் முழுக்கக் கைகள். கடிதத்தில் இருவரையும் கையெழுத்து வைக்கச் செய்தார் இவர். சங்கத்தின் பெயரில் அந்த இரண்டு கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தது அந்த ஒருமுறைதான்.

கூட்டம் கலைந்த பிறகு கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன். நன்றி சொல்லத்தான் போனேன். வேறொன்றைக் கேட்டேன்.

"பெட்டி வைச்சிருந்தா என்ன நடந்திருக்கும் அண்ணை?"

"தோத்திருக்கும்."

"அது எப்பிடி உங்களுக்குத் தெரியும்?"

"அண்டைக்கு உங்கட வீட்டில நான் எல்லாற்ற தட்டையும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்" என்றார்.

அடுத்த மாதமே செயற்குழுவிலிருந்து விலகிவிட்டார். தன் விதியைத் தானே முறித்தவன் அங்கே இருக்கக் கூடாது என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். பிறகு வேலை மாற்றலாகி வெலிங்டனுக்குப் போனார் என்று கேள்வி. விடைபெற வரவில்லை. வந்திருந்தால் கேட்க எனக்கு நிறைய இருந்தது. பெட்டியை அவர் வைக்கவே இல்லை. அப்படியென்றால் தோற்றிருக்கும் என்பது அவருடைய கணிப்பு மட்டும்தானே? ஒருவேளை அந்தச் சனம் பெட்டிக்குள்ளும் நல்லதையே எழுதியிருக்கும். ஒருவேளை இரண்டு பக்கத்தோடும் நான் ஒட்டிவிடக் கூடாது என்று, என்னை என்றைக்கும் மூன்றாவதாகவே வைத்திருக்க, அவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனாரோ என்றுகூட யோசித்திருக்கிறேன். அவர் என் தம்பியைக் காப்பாற்றினார். அதற்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனாலும் அந்த மனிதரை நான் இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை.

தம்பி சில மாதங்களில் வந்து சேர்ந்தான். அவன் எல்லோருக்கும் செல்லப்பிள்ளையாகிவிட்டான். டொக்டரின் காருக்கு ஒயில் மாற்றுவான், எஞ்சினியர் வீட்டு வேலிக்குப் பலகை அடிப்பான், இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் கிரிக்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவான். எனக்குத்தான் அவர்களைக் கண்டால் முகம் இறுகும். சந்தையில் கண்டால் தலையாட்டிவிட்டு நடந்துவிடுவேன்.

"அந்தச் சனத்தோட ஏனக்கா நீ சிரிக்கிறேல்லை?" என்று தம்பி கேட்பான். "எனக்காகக் கை தூக்கின ஆக்களெல்லோ."

ஓம் என்று மட்டும் சொல்லி வைப்பேன். கார் நிறுத்துமிடத்தில் கேட்டதை அவனுக்கு இதுவரைக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவனும் என்னைப்போல எல்லாருடைய தட்டையும் பார்க்கத் தொடங்கிவிடுவான்.